போதும் என்று சொல்பவர்

மாஸ்டருக்கு ஓவியத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதை அவரே ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொள்வதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆனால் அவர் மனைவி வரைந்து உருப்பட்ட படங்களில் ஒன்றுகூட அவர் தயவு இல்லாமல் முடிந்ததில்லை.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கில் பாதத்தை வைத்துக்கொண்டு, பதறுகிறவர்களைப் பதறாமல் பார்த்துக்கொள்வார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். மனைவிக்கு மருந்துக் கடையில் காலை வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்தால் நேரே கார் ஷெட்டுக்குள் போய்விடுவாள். கார் பாவம், தெருவில் நின்று வெயில் காயும். மாத்திரை அட்டையை நீட்டுகிற அவள் விரல்களில் எப்போதும் ஊதாவோ பச்சையோ ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் கடைக்கு வருகிறவர்கள் கலரக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இப்போது தபால்காரரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

கலரக்காவின் படங்களில் ஆள் இருக்க மாட்டார், மரம் இருக்காது, வீடு இருக்காது. நிறம் மட்டும்தான். உறவுக்காரர்கள் வந்து கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது என்னது?" என்று கேட்டால், "மஞ்சள்" என்பாள். அதற்கு மேல் அவர்கள் கேட்பதில்லை, இவளும் சொல்வதில்லை.

அவளிடம் ஒரே ஒரு கோளாறு. ஆரம்பிக்கத் தெரியும், நடுவில் கொண்டுபோகத் தெரியும், நிறுத்தத் தெரியாது. ஒவ்வொரு படமும் ஏதோ ஒரு கட்டத்தில் கண்ணைப் பறிக்கும். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அப்போதுதான் அவள் கை துருதுருக்கும். இந்த மூலையில் ஒரு சொட்டு நீலம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். நீலம் போட்டதும் எதிர்மூலை வெறிச்சென்று தெரியும். அங்கே ஆரஞ்சு. ஈரத்தோடு ஈரம் சேர்ந்து, நிறத்தோடு நிறம் குழம்பி, சாயங்காலத்துக்குள் மொத்தமும் கழுவாத தட்டின் நிறத்துக்கு வந்துவிடும். ஒரு வருடம் முழுக்க அவள் போட்ட படங்கள் எல்லாம் இந்தக் கதிக்கு ஆளாகிக் குப்பைக்குப் போயின. மகள் அதற்குச் 'சேறு' என்று பெயரே வைத்துவிட்டாள்.

அந்த வருடக் கடைசியில் கலரக்கா ஷெட்டில் உட்கார்ந்து அழுதாள். "ஊருல இருக்கிறவங்களுக்கெல்லாம் பிரேக் போடுறீங்க. எனக்கு ஒண்ணு போடக் கூடாதா?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

அன்றிலிருந்து அந்த ஏற்பாடு. பாடம் முடிந்து வந்ததும் மாஸ்டர் ஷெட்டில் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொள்வார். அவள் பாட்டுக்கு வரைவாள், இவர் பாட்டுக்குப் பார்ப்பார். ஏதோ ஒரு நொடியில் "போதும்" என்பார். அவ்வளவுதான். கோடு பாதியில் இருந்தாலும் சரி, அவள் பிரஷைக் கீழே வைத்துவிட வேண்டும். அவர் படத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுவார். அதற்கப்புறம் ஒரு படம்கூடச் சேறாகவில்லை. ஒன்றை ஒரு பேக்கரிக்காரர் வாங்கி மாட்டினார். மிச்சமெல்லாம் வீட்டுச் சுவர்களை நிறைத்தன. அவள் யார் வந்தாலும், "வரையறது நான். முடிக்கிறது அவர்" என்று சொல்லிக்கொள்வாள். மாஸ்டருக்கு அதைக் கேட்கும்போது உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். வெளியே மட்டும், "அட, நீ வேற" என்பார்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்ததை அவரே வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொண்டார்.

ஊரில் புதிதாக ஒரு நூலகம் கட்டியிருந்தார்கள். படிக்கட்டு ஏறி மேலே போனதும் எதிரே வெறும் சுவர், அதுவும் எவ்வளவு பெரிய சுவர். நூலகத்துத் தலைமை அம்மா பேக்கரியில் பன் வாங்கப் போன இடத்தில் கலரக்காவின் சிவப்புப் படத்தைப் பார்த்துவிட்டு, விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மாடி ஏறி வர்றவங்களுக்கு மூச்சு வாங்கும்ல? நிமிர்ந்து பார்த்தா ஒரு தெம்பு வரணும். அந்த மாதிரி ஒண்ணு வேணும்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. சனிக்கிழமை காலை வண்டி வந்து படத்தை எடுத்துக்கொள்ளும். "எங்க கமிட்டியில ஒருத்தர் ஏற்கெனவே ஒரு அருவி போட்டோவை ஃபிரேம் போட்டு வச்சிருக்கார். உங்க படம் வரலைன்னா அதை மாட்டிடுவார். எனக்கு அந்த அருவியைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது. தயவுசெஞ்சு முடிச்சுக் குடுத்துடுங்க."

கலரக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் படத்துக்கு ஒரு பொதுச் சுவர் கிடைப்பது இதுதான் முதல் தடவை. பிஸ்கட் தட்டை நூலகத்து அம்மாவிடம் நீட்டிக்கொண்டே, "நான் முடிக்கிறேனான்னு என்னைக் கேக்காதீங்க, அவரைக் கேளுங்க. எப்ப போதும்னு அவர்தான் சொல்லுவார்" என்றாள்.

நூலகத்து அம்மா மாஸ்டர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "அப்படியா! எப்படி சார் கண்டுபிடிக்கிறீங்க? எதைப் பார்த்துச் சொல்றீங்க?"

மாஸ்டர் திருதிருவென்று விழித்தார். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. படித்த அம்மா எதிரே உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருக்கிறார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"அது ஒண்ணும் பெரிய விஷயமில்லைங்க. பசி எடுத்தா போதும்னு சொல்லிடுவேன்."

மூவரும் சிரித்தார்கள். கலரக்காவும் சிரித்தாள். நூலகத்து அம்மா வாசலைத் தாண்டுகிற வரைக்கும் சிரித்தாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது அந்தச் சிரிப்பைக் காணோம்.

"பேக்கரியில இருக்கிற சிவப்புப் படம். அதை நிறுத்தினதும் நாம என்ன செஞ்சோம்?"

"என்ன செஞ்சோம்?"

"சாப்பிட்டோம். அந்தப் பச்சை?"

மாஸ்டர் யோசித்தார். "சாப்பிட்டோம்னுதான் நினைக்கிறேன்."

"ஹால்ல இருக்கிற நீலம்?"

"அன்னிக்கு டீ மட்டும்தான் குடிச்சேன்" என்றார் மாஸ்டர், அது ஏதோ தன்னைக் காப்பாற்றும் என்பதுபோல.

"ஏம்மா, அப்பா விளையாட்டுக்குச் சொன்னாரு" என்று மகள் குறுக்கே வந்தாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். நாள் முழுக்க இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா என்று அடுத்தவர்களைக் கேட்டுக் கேட்டு, வீட்டிலும் பஞ்சாயத்துப் பண்ணுவதே அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

"விளையாட்டாவே இருக்கட்டும். இந்தப் படத்தை நானே நிறுத்திக்கிறேன். முடியுற வரைக்கும் இவர் ஷெட்டுக்குள்ள காலை வைக்கக் கூடாது. வாயையும் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணச் சொல்லு."

மாஸ்டர் சத்தியம் பண்ணினார். பண்ணிவிட்டு, மத்தியானம் முழுக்க ஹாலில் உட்கார்ந்து சுவரில் இருந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அரித்தது மனைவியின் கோபம் அல்ல. ஒருவேளை நிஜமாகவே பசிதானோ? இத்தனை வருடமாக அவருக்குள் ஏதோ ஒரு கண் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தாரே, அது வெறும் வயிறுதானோ? இந்தச் சந்தேகம் வந்ததிலிருந்து சாப்பாடே இறங்கவில்லை.

புதுக் கான்வாஸ் ஷெட்டின் பின்சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. மேலே எட்டுவதற்குக் கலரக்கா ஏணி போட்டுக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காற்றுக்காக ஷெட் கதவைத் திறந்து வைத்திருந்தாள். காரை நிறுத்திவிட்டு இறங்கிய மாஸ்டர் சாவியைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டார்.

அப்படி ஒரு படத்தை அவள் அதுவரை போட்டதில்லை. இளஞ்சிவப்பு கீழே பரவி, நடுவில் பச்சை பீறிட்டுக்கொண்டு போய், மேலே வெளிர்நீலத்தில் கரைந்திருந்தது. வலது ஓரத்தில் வெற்றிடமாக விட்ட வெள்ளைத் துணி தெரிந்தது. அந்த வெள்ளையைப் பார்த்ததும் மாஸ்டருக்கு மூச்சு நின்று வந்தது. இந்த இடம்தான். இதேதான். அவர் காலையில் தின்ற ரொட்டி இன்னும் நெஞ்சிலேயே நின்றது. பசி என்பது பெயருக்குக்கூட இல்லை. ஆனாலும் 'போதும்' என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்து முட்டியது.

ஆக, வயிறு இல்லை. கண்தான்! மாஸ்டருக்கு அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷம். ஓடிப்போய் இதை அவளிடம் சொல்ல வேண்டும். ஆனால் சொன்னால் சத்தியம் போச்சு. சொல்லாவிட்டால் படம் போச்சு. அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போனார். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தபோது கலரக்கா அந்த வெள்ளை இடத்தில் ஒரு சொட்டு நீலம் வைத்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலைப் பாடம் பல் டாக்டரம்மாவுக்கு. மூன்று முறை டெஸ்டில் கோட்டை விட்டவர். அன்றைக்கு அவர் நன்றாகத்தான் ஓட்டினார். ஆனால் மாஸ்டர் மனதெல்லாம் அந்த நீலச் சொட்டில் இருந்ததால், வெறும் சாலையில் கார் சடாரென்று குலுங்கி நின்றது.

"ஏன் மாஸ்டர், ரோட்டுல ஈ காக்கா இல்லையே! எதுக்கு மிதிச்சீங்க?"

"பழக்கம்ங்க டாக்டர்."

"நல்ல பழக்கம் போங்க. எப்பப் பார்த்தாலும் நீங்களே முந்திக்கிட்டு மிதிச்சா என் கால் எப்பத்தான் கத்துக்கும்? டெஸ்டுல நீங்களா பக்கத்துல உட்காரப் போறீங்க?"

மாஸ்டர் சரி சரி என்று தலையாட்டினார். அது அவர் காதில் விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை. அவருக்கு வீட்டுக்குப் போகிற அவசரம்.

வீட்டில் நினைத்தபடியே நடந்திருந்தது. நீலத்துக்கு ஈடாக ஆரஞ்சு வந்திருந்தது. ஆரஞ்சைத் தணிக்க ஊதா. இளஞ்சிவப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை. சாயங்காலம் வேலையிலிருந்து வந்த மகள் ஷெட் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, சமையலறையில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் வந்து உதட்டைப் பிதுக்கினாள்.

"கணுக்கால் வரைக்கும் வந்துடுச்சுப்பா."

"சேறா?"

"நாளைக்கு முட்டிக்கு வந்துடும். நீங்க போய்ச் சொல்லித் தொலைங்களேன்."

"சத்தியம் பண்ணியிருக்கேனேம்மா."

"என் தலையில அடிச்சா பண்ணீங்க? சும்மா வாயாலதானே?"

அந்த நேரம் பார்த்து நூலகத்து அம்மா போன் செய்தார். படம் எப்படிப் போகிறது என்று கேட்டார். மாஸ்டர், "பிரமாதமா போகுதுங்க" என்றார். பொய் சொன்னால் அவருக்குக் காது சிவந்துவிடும். மகள் அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை முழுப் படமும் சேறாகிவிட்டது. மூலைக்கு மூலை, மேலிருந்து கீழ், ஒரே சாம்பல் கலந்த பழுப்பு. மாஸ்டர் மத்தியானப் பாடத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். இனிப் பொறுப்பதில்லை என்று ஒரு முடிவோடு முற்றத்தைக் கடந்து ஷெட் கதவு வரை போனார். தட்டக் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. உள்ளே போய் என்ன சொல்வது? போதும் என்றா? இப்போது போதும் என்றால் சேறு சேறாகவே நின்றுவிடும். சொல்ல வேண்டிய நேரம் செவ்வாய்க்கிழமையோடு போய்விட்டது. இப்போது அவர் கையில் இருந்த ஒரே ஒரு சொல்லும் ஒன்றுக்கும் உதவாது.

அருவி போட்டோவை நினைத்தார். படிக்கட்டு ஏறி வந்து அந்த அருவியைப் பார்க்கப்போகிற மனைவியின் முகத்தை நினைத்தார். பிறகு ஒரு வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டுவந்து, காலையில்தான் கழுவிய காரை மறுபடியும் கழுவ ஆரம்பித்தார். கழுவினார், துடைத்தார், நின்றார், ஷெட்டைப் பார்த்தார், மறுபடி கழுவினார். ஷெட்டுக்குள்ளே சத்தமே இல்லை. அவள் பிரஷை விட்டெறிந்துவிட்டு அழுதுகொண்டிருக்கிறாள் என்று நினைத்து, இவரும் காரின் பின்பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐம்பதைத் தாண்டிய மனிதர் வாளியும் கையுமாக அழுவதைத் தெரு பார்த்தால் சிரிக்கும் என்ற கவலை வேறு.

வெள்ளிக்கிழமை கலரக்கா கடைக்கு லீவு போட்டாள். விடிந்ததும் ஷெட்டுக்குள் போனவள் மத்தியானம் வரை வெளியே வரவில்லை. சாப்பாட்டுத் தட்டை மகள் கதவுக்கு வெளியே வைத்தாள். அது வைத்தபடியே ஆறிப்போயிருந்தது. மாஸ்டரும் சாப்பிடவில்லை. செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று மகள் பிற்பாடு ஊரெல்லாம் சொன்னாள். அவர் இன்றைக்கும் அதை மறுக்கிறார்.

வெயில் சாய்கிற நேரத்தில் ஷெட் கதவு திறந்தது. கலரக்கா வாசலில் வந்து நின்றாள். புருவத்தில் மஞ்சள், முழங்கையில் மஞ்சள், ஒரு காதில்கூட மஞ்சள்.

"முடிஞ்சுது" என்றாள்.

அந்த வீட்டில் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. மாஸ்டர் செருப்பைக்கூடப் போடாமல் முற்றத்தைத் தாண்டினார்.

உள்ளே போனவர் முதலில் ஒரு எட்டுப் பின்னால் வந்தார். சேறு எங்கேயும் போகவில்லை. அங்கேயேதான் இருந்தது, படம் முழுக்க. ஆனால் அதன் மீது, கீழே இடது மூலையிலிருந்து ஒரு மஞ்சள் கிளம்பி, அகலமாக, சோம்பலே இல்லாமல், மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது. அதன் இரு பக்கமும் ஆரஞ்சுத் துண்டுகளும், சின்னச் சின்னச் சிவப்புகளும். எங்கோ உச்சியில் ஒரே ஒரு பச்சை, இப்போதுதான் வைத்த ஈரத்தோடு. வெள்ளைத் துணியில் போட்டிருந்தால் அது வெறும் மஞ்சள். அந்தப் பழுப்பின் மேல் அது எரிந்தது. ஷெட்டில் விளக்குப் போடவில்லை என்பதே அவருக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

பின்னாலேயே வந்த மகள், "அம்மா!" என்றாள்.

"எப்படி?" என்றார் மாஸ்டர்.

"ஒண்ணும் பண்ணலைங்க. சேறு காயட்டும்னு விட்டேன், அவ்வளவுதான். காஞ்சதும் அது மேல எந்த நிறத்தை வச்சாலும் குழம்பாம நிக்குது. ஆரம்பத்துல எல்லாம் அது காயறதுக்குள்ள நானே குப்பையில போட்டுடுவேன். நீங்க வந்து உட்கார ஆரம்பிச்சப்புறம், சேறாகுறதுக்குள்ள நீங்க நிறுத்திடுவீங்க. இதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு நாம ரெண்டு பேருமே பார்த்ததில்ல."

மாஸ்டர் படத்தைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை அவர் உள்ளே இருந்திருந்தால் அந்த இளஞ்சிவப்போடு நிறுத்தியிருப்பார். அழகாகத்தான் இருந்திருக்கும். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றிருப்பார்கள். இந்த மஞ்சள் இந்த உலகத்துக்கு வந்தே இருக்காது. வீட்டுச் சுவர்களில் தொங்கிய அத்தனை படங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் கண் முன்னால் வந்தன. அதில் எத்தனை படத்துக்கு அந்தப் பக்கம் இப்படி ஒன்று இருந்ததோ, யார் கண்டது. அவருக்குச் சந்தோஷம் பொங்கியது. அதே இடத்தில் சுருக்கென்று வலிக்கவும் செய்தது.

"செவ்வாய்க்கிழமை நான் இருந்திருந்தா நிறுத்தியிருப்பேன்" என்றார்.

"தெரியும்."

"அப்ப இவ்வளவு நாளா நான் உனக்கு இடைஞ்சலாத்தான் உட்கார்ந்திருந்தேனா?"

"யாரு சொன்னா? நீங்க நிறுத்தலைன்னா நான் அந்த வருஷத்தோட பிரஷைத் தூக்கிப் போட்டிருப்பேன்." அவள் புருவத்தை முழங்கையால் துடைத்தாள், இருந்த மஞ்சள் இன்னும் நன்றாகப் பரவியது. "நேத்து மத்தியானம் எனக்கு பயம் வந்துடுச்சு. போச்சு, எல்லாம் போச்சுன்னு உங்களைக் கூப்பிடத்தான் கதவு வரைக்கும் வந்தேன். இடுக்கு வழியா பார்த்தா நீங்க காரைக் கழுவிக்கிட்டு நிக்கிறீங்க. கண்ணு கலங்கியிருந்துச்சு. இவரு என்னைவிட பயந்து போயிருக்காரேன்னு சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சதும் பயம் போயிடுச்சு. சரி, காயட்டும்னு போய் உட்கார்ந்துட்டேன்."

மாஸ்டர் அசடு வழிந்தார். பிறகு, கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டார். "அப்ப இனிமே நான் எதுக்கு?"

கலரக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இதுகூடவா இந்த மனுஷனுக்குத் தெரியாது என்கிற பார்வை.

"கூப்பிட்டா வர்றதுக்கு ஒரு ஆள் வெளியே நின்னாதானேங்க, கூப்பிடாம இருக்கிறதுக்கு எனக்குத் தைரியம் வரும்?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே படத்தை முற்றத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும், அந்தப் பக்கம் பிடிங்க என்றாள். அவர் பிடித்தார். ஈரமாக இருந்த பச்சையில் கை பட்டுவிடாமல், பின்னால் மகள் வழி சொல்லிக்கொண்டே வர, மூவருமாக அதை வெளியே தூக்கிக்கொண்டு வந்தார்கள்.